கல்விக் கடன்: ‘ஹராம்’ என்று சொன்ன பிறகு நம் கடமை என்ன?

 



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. சில நாட்களாக அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வராந்தாவில் என்னைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ஹழ்ரத், பேங்க்ல எஜுகேஷன் லோன் வாங்கலாமா?”

இந்தக் கேள்விக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் சொன்ன ஒரு பதிலைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன் அன்று வந்தான். தந்தை தள்ளுவண்டியில் பழம் விற்பவர். பையன் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொன்ன கடிதத்தைக் கையில் வைத்திருந்தான். நான்கு லட்சம் கடன் வேண்டும் என்றான். நான் யோசிக்கவே இல்லை. “வட்டி ஹராம் தம்பி. அல்லாஹ் வேறு வழி காட்டுவான்” என்றேன். அவன் தலையை ஆட்டினான், ஸலாம் சொன்னான், போய்விட்டான். மஃரிபுக்குள் நான் அவனை மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு ரமளானில் அவனைப் பார்த்தேன். ஒரு செல்போன் கடையில் ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தான். ஹலாலான உழைப்புதான், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று மரியாதையாகச் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.

வட்டி ஹராம் என்பதில் எனக்கு அன்றும் ஐயம் இல்லை, இன்றும் இல்லை. அதைச் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேனே, அதுதான் தவறு.

தெரியாமல் சொன்ன தீர்ப்பு

நாங்கள் அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில் உஸ்தாதுமார்கள் ஒரு விதியை அடிக்கடி நினைவூட்டுவார்கள். ஒரு விஷயத்தின் உருவம் மனதில் தெளிவாகப் பதிந்த பிறகுதான் அதன் மீது சட்டம் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. ஃபிக்ஹ் கிதாபு தெரிந்தால் மட்டும் போதாது, கேட்கப்படும் விஷயமும் தெரிய வேண்டும்.

அந்தப் பையன் விஷயத்தில் எனக்கு என்ன தெரிந்திருந்தது? ஒன்றும் தெரியாது. அவன் ஏன் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறான், கலந்தாய்வுக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அவன் குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை. ‘முதல் பட்டதாரி’ கட்டணச் சலுகை என்று ஒன்று நம் மாநிலத்தில் 2010 முதல் இருக்கிறது. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால்தான் அது கிடைக்கும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. இது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கு நான்கு லட்சம் தேவைப்பட்டிருக்காது. ஹலாலா ஹராமா என்ற கேள்வியே பாதியாகச் சுருங்கியிருக்கும்.

ஆகவே முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

அரசு தரும் கல்வி ‘இலவசம்’ அல்ல

உயர்கல்விக்கு அரசு இரண்டு விதமாகக் கை கொடுக்கிறது. முதலாவது, கட்டணத்தைக் குறைப்பது. அரசு கலை அறிவியல் கல்லூரியில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, இதர கட்டணங்கள் மட்டும்தான். அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் கட்டுவதற்கும், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுதோறும் பல லட்சங்கள் கட்டுவதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்பவர்களுக்கு, 2021 முதல் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தகுதியுள்ள மாணவ மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது.

இதையெல்லாம் நாம் இலவசம் என்கிறோம். ஆனால் பேராசிரியருக்குச் சம்பளம் போகிறது, ஆய்வகத்துக்கு மின்சாரக் கட்டணம் கட்டப்படுகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? சோப்பு, செருப்பு, செல்போன் ரீசார்ஜ் என்று எதை வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. கல்லூரி வாசலையே மிதிக்காத சித்தாள் பெண்மணி கொடுத்த வரியும் அந்தக் கல்லூரிக்குப் போகிறது. அவள் பிள்ளை அங்கே படிக்காமல் இருக்கலாம். உங்கள் பிள்ளை படிக்கிறான்.

அப்படியானால் அரசுக் கல்லூரியில் படித்து வெளியே வரும் ஒவ்வொருவர் மீதும் ஒரு கடன் இருக்கிறது. அதற்குத் தவணை இல்லை, நோட்டீஸ் வராது, வசூலிக்க யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். ஆனாலும் அது அமானிதம். அப்படிப் படித்து மருத்துவரானவர், அந்தச் சித்தாள் பெண்மணி நோயாளியாக வந்து எதிரே உட்காரும்போது எப்படி நடந்துகொள்கிறாரோ, அதுதான் அவர் திருப்பிச் செலுத்தும் தவணை.

கல்விக் கடன் எப்படி வேலை செய்கிறது?

இரண்டாவது வகை, வங்கிக் கடன். படிக்கும் காலத்திலும், படிப்பு முடிந்து ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு அதிகபட்சம் 15 ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து ஈடு கேட்கத் தேவையில்லை.

பல பெற்றோர் நினைப்பது, “படிக்கும் காலத்தில் வட்டி இல்லை” என்று. அது சரியல்ல. அந்தக் காலத்தில் தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் நான்கு லட்சம் வாங்குகிறார் ஒரு மாணவர். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, பிறகு இரண்டு ஆண்டு என்று தனி வட்டி சேர்ந்தால், தவணை தொடங்கும் நாளில் 1,40,000 ரூபாய் வட்டி நிற்கிறது. அது அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகிறது. அதை 10 ஆண்டுகளில் கட்டினால் மாதம் 7,100 ரூபாய்க்கு மேல். மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள், நான்கு லட்சம் வாங்கியவர் எட்டரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார்.

இங்கேதான் அரசின் வட்டி மானியம் வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ தகுதியான கல்வி நிறுவனத்தில் படித்தால், படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் ஏறும் வட்டியை மத்திய அரசே வங்கிக்குக் கட்டிவிடும். 2009-10 கல்வியாண்டிலிருந்து இந்தத் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கும் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆனால் வருமானச் சான்றைக் கொடுத்து நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். பாதியில் படிப்பை விட்டவருக்கு மானியம் கிடைக்காது.

மானியம் கிடைத்தவர் தவணை தொடங்கும் நாளில் நான்கு லட்சத்தோடு நிற்கிறார். அன்றே முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அவர் கையிலிருந்து வட்டியாக எதுவும் போவதில்லை. “அப்படியானால் இது ஆகுமா ஹழ்ரத்?” என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் வட்டி எழுதப்பட்டிருக்கிறது, அதில் கையெழுத்துப் போடுவதே கூடாது என்பது உலமாக்களில் பெரும்பாலோர் நிலை. வேறு எந்த வழியும் அடைபட்ட நிர்ப்பந்தத்தில், தேவையான அளவுக்கு மட்டும் தளர்வு உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. உங்கள் நிலையை முழுமையாகச் சொல்லி, நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். இந்த மிம்பரில் நின்று எல்லோருக்கும் ஒரே ஃபத்வா கொடுக்க நான் விரும்பவில்லை. ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

இந்தத் தவிப்பு நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் முஸ்லிம் மாணவர்களுக்காக வட்டியில்லாத கல்வி நிதி கொண்டுவரப்படும் என்று அந்நாட்டுப் பிரதமர் 2013-ல் அறிவித்தார். 2017-ல் அதற்கான சட்ட அதிகாரமும் வந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அது மாணவர்கள் கைக்கு வராமல் இழுத்துக்கொண்டே போனது. மலேசியா தன் உயர்கல்விக் கடனை 1 விழுக்காடு சேவைக் கட்டணம் என்ற முறைக்கு 2008-ல் மாற்றியது. அரசுகள் அவற்றால் முடிந்த வேகத்தில் செய்யட்டும். நம் மஹல்லா என்ன செய்தது என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

ஜனாஸாவுக்கு முன்னால் எழுந்து நின்றவர்

கண்ணியத்திற்குரியவர்களே! ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரியும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மூன்று தீனார் கடன் இருந்தது. அடைப்பதற்கு அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிட்டார்கள்.

கடனின் கடுமையைச் சொல்ல இந்த நிகழ்ச்சியை நான் எத்தனையோ ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். ஆனால் நிகழ்ச்சி இங்கே முடியவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து அபூகதாதா (ரலி) எழுந்தார்கள். அல்லாஹ்வின் தூதரே, தொழுகை நடத்துங்கள், அந்தக் கடன் என் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகு நபி (ஸல்) அவர்கள் தொழவைத்தார்கள்.

இன்னோர் அறிவிப்பில், மறுநாள் நபியவர்கள் அபூகதாதாவிடம் அந்தத் தீனார்கள் என்னவாயிற்று என்று திரும்பவும் கேட்டதாக வருகிறது. பொறுப்பேற்றதாக வாயால் சொன்னதோடு விடவில்லை, கொடுத்தாயிற்றா என்றும் விசாரித்தார்கள். பிற்காலத்தில் பொதுநிதியில் செல்வம் சேர்ந்தபோது, கடனோடு இறப்பவர்களின் கடனைத் தாமே பொறுப்பேற்பதாக அறிவித்தார்கள்.

சட்டம் தன் இடத்தில் நின்றது. அந்தச் சட்டத்தால் ஒருவர் நெருக்கடியில் நிற்கும்போது, ஸஃப்பிலிருந்து ஒருவர் எழுந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் தீன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் சட்டத்தைச் சொன்னேன். அபூகதாதா யாரும் எழவில்லை. எழும்படி நான் யாரையும் கேட்கவும் இல்லை.

வட்டி இல்லை என்றால் அவசரமும் இல்லையா?

சிலர் கேட்கலாம், “நம் மஹல்லாவில் கர்ளன் ஹஸனா நிதி இருந்ததே?” என்று. ஆம், இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு நல்ல மனம் படைத்த சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். அது ஏன் நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தவர்கள் கொடுப்பதை நிறுத்தியதால் அது நிற்கவில்லை. வாங்கியவர்கள் திருப்பித் தராததால் நின்றது.

அவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. வங்கித் தவணை தவறினால் வட்டி ஏறும், நோட்டீஸ் வரும், சிபில் கெடும். அதனால் அதை முதலில் கட்டினார்கள். நகைக்கடனுக்குக் கெடு வந்தால் ஓடினார்கள். ஜமாஅத் பணத்துக்கு வட்டியும் இல்லை, நோட்டீஸும் இல்லை. ‘ஹாஜியார் கேட்கமாட்டார்’ என்று அதைக் கடைசியில் வைத்தார்கள். வட்டிக் கடன் முழுதாக அடைந்தது, அழகிய கடன் அடையவே இல்லை. வட்டி வேண்டாம் என்று வாயால் சொன்ன நாம், வட்டி இருந்தால்தான் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று செயலால் காட்டிவிட்டோம். இதைவிட வெட்கம் வேறு உண்டா?

வங்கியில் வாங்கியவர்களிலும் சிலர், “தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகிவிடும்” என்று காத்திருக்கிறார்கள். வேலை கிடைத்த பிறகும் கட்டாமல், முகவரியை மாற்றி, செல்போன் எண்ணை மாற்றிக்கொண்டு திரிகிறார்கள். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு அல்லாஹ் வழிசெய்கிறான், அழித்துவிடும் எண்ணத்தோடு வாங்குபவரை அல்லாஹ்வே அழிக்கிறான் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. வட்டி ஹராம் என்பதால் அசல் ஹலாலாகிவிடாது. அந்த அசல் உங்களைப் போல யாரோ ஒருவர் போட்டு வைத்த வைப்புப் பணம். வேலையே கிடைக்காமல் தவிப்பவரின் நிலை வேறு. அவருக்கு அவகாசம் கொடுக்கும்படி குர்ஆனே சொல்கிறது. வசதி வந்த பிறகும் இழுத்தடிப்பவரைப் பற்றித்தான் பேசுகிறேன். நபியவர்கள் அதை அநியாயம் என்றே சொன்னார்கள்.

நம்மால் முடிந்த நான்கு காரியங்கள்

முதலாவது, கடனைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு சலுகைகளைத் தேடுங்கள். கலந்தாய்வைத் தவறவிடாதீர்கள். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். 2007 முதல் நம் மாநிலத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. நம் பிள்ளை விண்ணப்பித்தால்தானே அதனால் பயன்!

இரண்டாவது, நம் மஹல்லாவில் உள்ள பட்டதாரி இளைஞர்கள் இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் உட்காருங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாத தந்தைமார்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். நான் முன்பே சொன்னேனே, தவணை இல்லாத கடன் என்று. அதன் முதல் தவணையாக இது இருக்கட்டும்.

மூன்றாவது, ஸகாத். ஸகாத் பெறத் தகுதியானவர்கள் என்று அல்லாஹ் சொல்லும் எட்டுப் பிரிவினரில் ஏழைகளும் இருக்கிறார்கள், கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள். தகுதியுள்ள மாணவரின் கட்டணத்துக்கும், கல்விக் கடனில் மூழ்கி உண்மையிலேயே அடைக்க முடியாதவருக்கும் உங்கள் ஸகாத் போகட்டும்.

நான்காவது, நின்றுபோன நிதியை மீண்டும் தொடங்குவோம். 200 குடும்பங்கள், மாதம் 200 ரூபாய். மாதம் 40,000, ஆண்டுக்கு 4,80,000. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 குறைகிறது என்றால் எட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும். ஒரு குடும்பம் வெளியே போய் ஒருவேளை பிரியாணி சாப்பிட்டால் 200 ரூபாயா ஆகிறது? ஆனால் இந்த முறை எழுதி வைப்போம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். சாட்சி இருக்கட்டும், தவணைத் தேதி இருக்கட்டும். படித்து வேலைக்குப் போனவர் கட்டும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும் என்பதை அவருக்கு முதல் நாளே சொல்வோம். அவர் தாமதித்தால் பாதிக்கப்படுவது வங்கி அல்ல, பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை.

மீண்டும் அதே கேள்வி

கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் மறுபடியும் என்னிடம் வந்தான். இப்போது அவன் பையன் அல்ல, தாடி வைத்த வாலிபன். அவன் தங்கை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அவளும் பொறியியல் படிக்க வேண்டும் என்கிறாளாம்.

“ஹழ்ரத், இப்பவும் அதே பதில்தானா?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இந்த முறை அவனை உட்கார வைத்தேன். அவன் படிக்காததால் அந்த வீட்டில் இன்னும் பட்டதாரி யாரும் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்கு உண்டு. புதுமைப் பெண் திட்டம் இப்போது அவள் படித்தது போன்ற பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் வருகிறது. எல்லாம் போக, விடுதிக்கும் இதர கட்டணங்களுக்கும் ஒரு தொகை குறைகிறது. அதை ஒரு காகிதத்தில் எழுதி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “வெள்ளிக்கிழமை வரை பொறு தம்பி. ஜமாஅத்தாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

இதோ, கேட்டுவிட்டேன். தொழுகை முடிந்ததும் முதவல்லி அவர்கள் அலுவலக அறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பெயர் எழுதுபவர்கள் எழுதலாம். அடுத்த மாதம் கொடுத்தீர்களா என்று நான் திரும்பவும் கேட்பேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! வட்டியிலிருந்தும், கடன் சுமையிலிருந்தும், வாக்கு மீறுவதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! கடன்பட்டவர்களின் கடனை அடைத்துத் தருவாயாக! சட்டம் சொல்லும் நாவோடு, சுமையைத் தாங்கும் தோளையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.